ஆண்டவருக்குப் போட்ட துண்டு

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்காத தமிழன் கிடையாது. மாமனாருக்குப் போட்டிருக்கிறோம், மச்சினனுக்குப் போட்டிருக்கிறோம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போன சித்தப்பாவுக்கும் போட்டிருக்கிறோம். ஆனால் கடவுளுக்கே துண்டு போட்டு இடம் பிடித்த ஒரே மனிதர், நான் அறிந்தவரை, எங்கள் காரைக்குடியில்தான் இருந்தார்.

அறுபதுகளின் கடைசி. எனக்குத் திருப்பத்தூரில் வாத்தியார் உத்தியோகம். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகப் போகும் காலை முதல் பஸ்ஸில்தான் தினமும் போவேன். அதன் டிரைவருக்குப் பெற்றவர்கள் வேதாகமத்தைப் புரட்டி நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ஊருக்கு அவர் துண்டு டிரைவர்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் பானெட்டில் கை வைப்பார், கண்ணை மூடுவார், ஆரம்பித்துவிடுவார். முணுமுணுப்பெல்லாம் கிடையாது. எதிர்த்த டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவருக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்கும்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்! பிரேக்கை நீர் பாத்துக்கிரும், ஸ்டீரிங்கை நான் பாத்துக்கிறேன். குறுக்க வர்ற எருமைக்கு நல்ல புத்தியக் குடும். நம்ம கண்டக்டரு வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்காப்ல, மூஞ்சியே சரியில்லை. அவரையும் கொஞ்சம் கவனியும்!"

கண்டக்டர் நெற்றி நிறைய விபூதி பூசிய முருக பக்தர். "ஏண்ணே, என் வீட்டுச் சண்டையை எதுக்கு ஊருக்கே ஒப்பிக்கிறீக?" என்று கத்திவிட்டு விசிலை ஊதுவார்.

விசிலெல்லாம் அங்கே எடுபடாது. ஆமென் சொல்லி முடித்ததும் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். "ஏறும் ஆண்டவரே. பாத்து, படி ஒசரம்." டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்டில் வெளுத்த துண்டு ஒன்று விரித்திருக்கும். அதில் ஆண்டவர் ஏறி உட்கார்ந்து, கால் நீட்டிச் சாய்கிற வரைக்கும் பொறுமையாக நின்றுவிட்டுத்தான் இவர் தன் இடத்துக்குப் போவார்.

வண்டி கிளம்பினால் பேச்சும் கிளம்பிவிடும். "நேத்து ஒம்மகிட்ட சொன்னேன்ல, மூத்தவளுக்கு இருமல்னு? இப்பத் தேவலை." நடுநடுவே வாய்விட்டுச் சிரிப்பு வேறு. எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அது எங்களுக்குள்ள சார்" என்றுவிட்டார். புதிதாக ஏறியவர்கள் பயந்துபோய்க் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள். பழகியவர்களோ மனுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். மளிகைக்கடை பாய் ஏறும்போதே, "அண்ணே, மலேயாவுல தம்பி வாரேன் வாரேங்கிறான், வரக் காணோம். ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்பார். பிள்ளையார்பட்டிக்குப் போகும் அரியக்குடி ஆச்சி, "என்னப்பா, உங்க ஆளு ஏறிட்டாகளா? அப்பக் கிளம்பு" என்று உத்தரவு கொடுப்பார். திரும்பி வரும்போது துண்டின் மேல் ஒரு வாழைப்பழமும் வைப்பார். குன்றக்குடி வருவதற்குள் பழம் காணாமல் போயிருக்கும். கேட்டால், "எனக்குக் குடுத்துட்டார்" என்று டிரைவர் வாயைத் துடைத்துக்கொள்வார்.

இதையெல்லாம் எவனோ பஸ் முதலாளி காதில் போட்டுவிட்டான். முதலாளிக்கு உடம்பு பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. பங்குனி உத்திரத்தன்று தானே பஸ்ஸில் வருவதாகவும், அன்றைக்கும் சீட்டில் துண்டு கிடந்தால் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லியனுப்பினார்.

மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருக்கிற மனுஷன்! நானே போய்க் கெஞ்சினேன். "அண்ணே, ஆண்டவர் எல்லா இடத்துலயும் இருப்பார்னு நீங்கதானே சொல்வீக? ஒருநாள் மட்டும் பஸ் டாப்புல உக்காந்து வரட்டுமே."

"பங்குனி வெயில்லயா சார்?" என்றார்.

"வேலை போனா என்ன செய்வீக?"

"அதைத்தான் காலையில அவர்கிட்டயும் கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. ஆனா எந்திரிச்சும் போகலை சார்."

இந்த ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

பங்குனி உத்திரம் வந்தது. குன்றக்குடிக்குப் போகிற கூட்டம் காவடியும் கூடையும் பிள்ளைகளுமாகப் பஸ்ஸை அடைத்துக்கொண்டது. முதலாளி பஸ் ஸ்டாண்டிலேயே நின்று, ஜெபம் பண்ணுவதிலிருந்து ஆண்டவரை ஏற்றிவிடுவது வரைக்கும் அத்தனையையும் பார்த்தார். பிறகு ஏறி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக முன்னே போனார்.

"யாருய்யா இங்க?"

"ஆண்டவர் இருக்கார் மொதலாளி."

"டிக்கெட் எடுத்தாரா?"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கண்டக்டர் நெரிசலில் நீந்தி வந்து, ஒரு டிக்கெட்டைக் கிழித்துத் துண்டின் மேல் வைத்தார். "எடுத்துட்டாரு மொதலாளி. திருப்பத்தூர் வரைக்கும். என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க." அந்த விபூதி நெற்றியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது எனக்கு!

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "திருப்பத்தூர் போனதும் சாவியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் இறங்கிருங்க" என்றார். சீட்டில் உட்கார ரோஷம் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

குன்றக்குடிக்குப் பாதி வழியில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். முருகன் கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கப் போகிறாள். இடிபட்டு இடிபட்டு முன்னாலேயே வந்து சேர்ந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு துண்டை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"உக்காரு தாயி."

கண்டக்டருக்கே தாங்கவில்லை. "அண்ணே! மொதலாளிக்கே எந்திரிக்காத உங்க ஆளு, முருகனுக்கு முடி இறக்கப் போற பிள்ளைக்கா எந்திரிச்சாரு?"

"கைப்பிள்ளையோட ஒருத்தி நிக்கும்போது அவரால உக்கார முடியலையாம் தம்பி."

அதற்குப் பிறகு பஸ் ஊர்ந்தது. ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. முதலாளி பல்லைக் கடித்தார். "ஏன்யா இப்படி உருட்டுற?"

"அவர் நின்னுக்கிட்டு வர்றாருல்ல மொதலாளி. வெரசா போயி பிரேக் போட்டா விழுந்துருவாரு." அதோடு விட்டாரா? "நீங்க அங்குட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னீகன்னா, அவரும் அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிருவாரு."

தொலைந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது முதலாளி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார். அந்த நெரிசலிலும் அந்த இடத்தில் யாரும் போய் நிற்கவில்லை.

திருப்பத்தூரில் டிரைவர் சாவியை நீட்டினார். முதலாளி அதைப் பார்க்கவே இல்லை. "வண்டியத் திருப்பி எடுய்யா, அங்குட்டுக் கூட்டம் காத்துக் கெடக்குல்ல" என்று அதட்டிவிட்டுக் கீழே இறங்கினார். இறங்கியவர் ஒரு நிமிஷம் தயங்கினார். "அவரப் பாத்து இறங்கச் சொல்லு. படி ஒசரம்."

துண்டு டிரைவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. ஆனால் கூட்டமான பஸ்ஸில் நிற்கும்போது இன்றைக்கும் கம்பியில் கையை நகர்த்தி, கொஞ்சம் இடம் விட்டு நிற்கிறேன். யாராவது கேட்டால் ஆள் வருது என்கிறேன். ஆண்டவர் வந்தால், பேசிக்கொண்டே அந்த மனுஷனும் கூட வருவார் அல்லவா?