லைட்டாக ஒரு வைத்தியம்

பேரன்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, என் தலை மூவரும் நலம். தலையைத் தனியாகச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே ஏணியில் ஏறித் தகரக் கூரை போட்டவர்கள். மேலிருந்து ஒரு வெயில், தகரத்தில் பட்டுக் கீழிருந்து இன்னொரு வெயில் என்று இரண்டு பக்கமும் வெந்தவர்கள். தொப்பி போட்டு வந்தவர்களை எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்! அதன் பலனாக என் வழுக்கையில் உப்புத்தாளை ஒட்டியதுபோல் ஒரு திட்டு. உங்கள் மூக்கின் மேல் இருக்கிறதே, அதற்குக் கூடப்பிறந்தது. துண்டால் துடைத்தால் நூல் மாட்டும். ஆறிவிட்டது என்று நினைத்தால் மறுபடி வரும். தோல் டாக்டரம்மா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இது புற்றுநோய் இல்ல. ஆனா இப்படியே விட்டா ஒருநாள் ஆயிடலாம். லைட் ட்ரீட்மென்ட் போதும்” என்றார். ‘லைட்டா ஒரு டீ’ என்கிறோமே, அந்த லைட் என்று நினைத்துப் பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

போன பிறகுதான் தெரிந்தது, லைட் என்றால் விளக்கு! பொருக்கை மெல்லச் சுரண்டி, களிம்பு பூசி, வெளிச்சம் படாமல் கட்டி, மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். கெட்டுப்போன இடம்தான் களிம்பை அதிகம் குடிக்குமாம். சிவப்பு விளக்கைக் காட்டினால் அங்கே மட்டும் வேலை நடக்குமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வெயில்ல வந்ததுக்கு வெளிச்சத்துலயே வைத்தியமா? அதுக்கு நான் மொட்டைமாடியிலயே உக்காந்திருப்பேனே, ஓசியில!” என்றேன். “அங்க உக்காந்துதானே இங்க வந்திருக்கீங்க? பேசாம தலையக் குடுங்க” என்றாள் உங்கள் தங்கை. நர்ஸ் சிரித்த சிரிப்பில் விளக்கே ஆடியது.

விளக்கைப் போட்டார்கள். மச்சான், நான் அசையவில்லை. “வலிச்சா சொல்லுங்க சார், நிறுத்தி நிறுத்திப் போடலாம்” என்றார் நர்ஸ். “நீங்க போடுங்கம்மா, இது தகரத்துல வெந்த தலை” என்றேன். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. இரண்டு நாள் வெயிலும் பளிச்சென்ற வெளிச்சமும் ஆகாது என்றார்கள். திரையை இழுத்து மூடிக்கொண்டு ராஜா மாதிரி இருந்தேன். தலை தக்காளியாகச் சிவந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, “யாரு சார் அடிச்சது?” என்று துக்கம் விசாரித்தார். பிறகு தோல் உரிந்தது. அடியில் பார்த்தால், மச்சான், புதுத் தோல்! நேற்று டாக்டரம்மா விரலால் தடவி, “இந்தத் திட்டு சுத்தமா போயிடுச்சு” என்றார். ஜெயித்துவிட்டோம்! உங்கள் தங்கை போகிற போக்கில் தடவிப் பார்க்கிறாள். கல்யாணமான புதிதில்கூட என்னை இவ்வளவு கவனித்ததில்லை.

ஆகவே பயத்தை விடுங்கள். ‘ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், போறதா இருந்தா இந்த மூக்கோடயே போறேன்’ என்று போனில் தங்கையை அழ வைத்தது போதும். புறப்பட்டு வாருங்கள். இது ஒன்றுமே இல்லை.

உங்கள் மூக்கு நீடூழி வாழ்க என்று வாழ்த்தும்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை படித்துவிட்டாள். பொய்யைத் தபாலில் போட மாட்டாளாம். சரி, வலித்தது. ஊசி ஊசியாகக் குத்தியது. ‘அம்மா’ என்று கத்தியதில் அடுத்த அறையிலிருந்து ஆள் ஓடிவந்தது. நர்ஸ் தண்ணீர் தெளித்து விசிற, விளக்கை நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தார்கள். இன்னொன்றும் உண்டு: நேற்று டாக்டரம்மா காது மடலில் வேறொரு திட்டைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி விளக்கு. தனியாக உட்காரப் பயமாக இருக்கிறது மச்சான். உங்களுக்காக வர வேண்டாம், எனக்குத் துணைக்கு வாருங்கள். பக்கத்து நாற்காலிக்கும் ஒரு விளக்கு இருக்கிறது.