வெள்ளிக்கிழமைக்குள் உன் காரை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் கார் எங்கள் இருவரையும்விட நலம். அதற்கு உடம்புக்கு வந்தால் ஓடிவந்து பார்க்க ஆள் இருக்கிறது.

"ரெண்டே வாரம்ணே, கார் கம்பெனி கிடங்குக்குக் கூரை மாத்துறாங்க, அதுவரைக்கும் உன் ஷெட்ல நிக்கட்டும்" என்று நீ போனில் சொல்லி இன்றோடு ஒன்பது வாரம். அந்தக் கூரையை என்ன, ஓலை ஓலையாகப் பின்னிக்கொண்டிருக்கிறார்களா? மூடிய லாரியில் வந்து, வெள்ளைக் கையுறை போட்ட நான்கு பேர் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அதை இறக்கினார்கள். நான் முப்பத்தொரு வருடம் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழக்கதோஷம், ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தேன். நம்பர் பிளேட் இல்லை, ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, ஸ்டெப்னி இல்லை. தரைக்கும் அதற்கும் நடுவில் என் செருப்பு நுழையவில்லை. ஒரு பல்பு எரியவில்லை என்பதற்காகக் கலியாணக் கோஷ்டியின் பஸ்ஸையே திருப்பி அனுப்பியவன் வீட்டில் இப்படி ஒரு பிராணி!

கூடவே ஓர் இளவயது இன்ஜினியரையும் அனுப்பினாயே, அவரிடம் கேட்டேன்.

"ஏம்ப்பா, இதை ரோட்டுல ஓட்டலாமா?"

"கூடாது சார். எந்த நாட்டுச் சட்டமும் ஒத்துக்காது."

"சரி, அப்ப பந்தயத்துக்கு."

"பந்தயத்துலயும் சேத்துக்க மாட்டாங்க சார். அவங்க விதி எதுக்கும் இது அடங்காது."

"பின்ன எங்கதான் ஓடும்?"

"கம்பெனி கூப்பிடுற அன்னிக்கு, கம்பெனி சொல்ற தடத்துல, தனியா நாலு சுத்து சுத்தலாம் சார்."

"யாரை ஜெயிக்க?"

"யாரையும் இல்ல சார். அனுபவம்."

நம் சித்தப்பா ஒருவர் இருந்தாரே, இல்லறமும் சரிப்படாது துறவறமும் சரிப்படாது என்று கடைசிவரை ஈஸிசேரில் சாய்ந்திருந்தவர், அவர் ஞாபகம்தான் வந்தது. ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு காப்பி கொடுத்தால் போதும். இதற்குச் சமையலறை பிளக்கிலிருந்து வயர் இழுத்து இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் ஊட்ட வேண்டியிருக்கிறது. அதை எடுக்கக் கூடாதாம். ஒன்பது வாரமாக உன் அண்ணி மிக்ஸியை ஹாலில் வைத்து அரைக்கிறாள். அரைக்கும்போது டிவி கேட்பதில்லை. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த லாபம். இது போதாதென்று டயர்களுக்கு ஆளுக்கொரு மின்சாரப் போர்வை. வீட்டுக்காரன் கிழிந்த போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஷெட் சும்மாதானே கிடக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். உன் அண்ணி பத்து வருடமாகத் திரைச்சீலை தைத்துக்கொடுக்கும் இடம் அது. உன் காருக்கு வழிவிட்டு அவளுடைய தையல் மெஷின் படுக்கையறைக்கு வந்துவிட்டது. கட்டிலில் துணியை விரித்து வெட்டுகிறாள். இரவு நான் புரண்டால் குண்டூசி. ஹோட்டல்காரர் ஒருவர் அறுபது ஜன்னலுக்குத் திரை கேட்டிருக்கிறார். வெட்டி விரிக்க இடம் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். இதற்கு முன் அவளுக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை, தம்பி. அது கைநழுவிப் போனால் அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். அவளுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது என்பதை மட்டும் குறித்துக்கொள். மிச்சத் துணியில் இரண்டு மெத்தைகள் தைத்து அதன் இருக்கைகளில் போட்டிருக்கிறாள். தூசி விழாமல் இருக்கத்தான்.

இன்ஜினியர் பத்து நாளைக்கு ஒருமுறை லேப்டாப்போடு வந்து அதை எழுப்புகிறார். முதல் தடவை எழுப்பியபோது நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள் இடி விழுந்தது என்றே நினைத்தேன். சுவர்க் கடிகாரம் கழன்று விழுந்தது, மேல்சுவரில் பூச்சு உதிர்ந்தது. அதெல்லாம் போகட்டும், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்திருக்கிறார்; சத்தம் கேட்ட பயத்தில் வாயை மூடிவிட்டார், டாக்டரின் விரல் உள்ளே. ஒருகாலத்தில் அந்த டாக்டரின் ஸ்கூட்டரை ஹாரன் சரியில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியவன் நான். விரலில் கட்டோடு வந்து ஷெட்டை எட்டிப் பார்த்து, "இதுக்கு ஹாரன் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். அத்தோடு விட்டாரா? "தினமும் மத்தியானம் மூணு மணிக்கு ஷெட்ல என்னவோ உர்ருனு சத்தம் வருதே, வண்டிதானா?" என்றார். வண்டு என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

இரண்டாம் தடவை வந்த இன்ஜினியர் ஷெட் வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காரின் பின்னால் பலகை மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கிறதே, அதில் உன் அண்ணி என் வேட்டியையும் இரண்டு தலையணை உறையையும் காயப்போட்டிருந்தாள்.

"அம்மா, அது காத்துக்காக வெச்சது!"

"காத்துக்குத்தானேப்பா வெச்சிருக்கு? அதான் போட்டேன், நல்லாக் காயுது."

ஆயிரம் குதிரை சக்தியில் இன்றுவரை உருப்படியாக நடந்த காரியம் அந்த வேட்டி காய்ந்ததுதான்.

அந்தக் காரின் அமைப்பும் அப்படியொன்றும் மெச்சும்படி இல்லை. ஏறுவதென்றால் முதலில் ஒரு காலை நுழைத்து, தலையைக் குனிந்து, இடுப்பை அரைச் சுற்றுத் திருப்பித் தொப்பென்று விழ வேண்டும். பிரேக் கல் மாதிரி இருக்கிறது. இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கில் இருக்கும் சிவப்புப் பொத்தான் எதற்கென்று எவ்வளவு அழுத்தியும் தெரியவில்லை. இதெல்லாம் வெளியே நின்று பார்த்தாலே தெரிகிறது. நான் அதில் ஏறவில்லை. சாலைக்குத் தகுதி இல்லாத வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்பது என் சர்வீஸ் காலத்துக் கொள்கை.

இன்று காலை இன்ஜினியர் வந்தார். வயரை மாட்டி லேப்டாப்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "ரிப்போர்ட்டை ஓனருக்கு அனுப்பணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எப்படியும் இன்று எழுதுவதாகத்தான் இருந்தேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை போதும். வெள்ளிக்கிழமைக்குள் லாரியை அனுப்பி அதை எடுத்துவிடு. இல்லையென்றால் என் கையாலேயே தெருவில் தள்ளி நிறுத்திவிட்டு, நம்பர் பிளேட் இல்லாத வண்டி என்று என் பழைய அலுவலகத்துக்கு நானே புகார் எழுதுவேன். அண்ணன் தம்பி உறவெல்லாம் சட்டத்துக்கு அப்புறம்தான்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். நீ நீடூழி வாழ்ந்து, அடுத்த தடவையாவது நான்கு பேர் உட்கார்ந்து கடைக்குப் போகிற மாதிரி ஒரு வண்டி வாங்க வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: இதை உறையில் போடும் நேரத்தில் இன்ஜினியர் போன் செய்தார். இன்ஜின் அணைந்திருந்தாலும் அந்தக் கார் தூங்குவதில்லையாம். யார் உட்கார்ந்தாலும், எதை அழுத்தினாலும் குறித்துவைத்துக்கொள்ளுமாம். இதை நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? ஒன்பது வாரமாகத் தினமும் மூன்று மணிக்கு ஓட்டுநர் இருக்கையில் எழுபத்தொரு கிலோ, மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் தடவை கியர் மாற்றம், வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை என்று ரிப்போர்ட்டில் வரும். பக்கத்து இருக்கையில் அறுபத்திரண்டு கிலோ என்றும் வரும். அது தப்பு என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள் அண்ணி, அவள் ஐம்பத்தெட்டுதானாம்.

என்ன செய்வது தம்பி. அடுத்தவன் வண்டியை நிறுத்தி நிறுத்தியே என் காலம் போய்விட்டது. அவளை ஓர் இடத்துக்கும் கூட்டிப்போனதில்லை. முதல் நாள் சும்மாதான் ஏறி உட்கார்ந்தேன். வாசலில் நின்று, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். "கடற்கரைக்கு" என்றேன், வாய்க்கு வந்ததை. "இருங்க, நானும் வரேன்" என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சத்தம் மட்டும் நான்தான் வாயால் போட வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது அவள் தூங்கிவிடுவாள்.

ஹோட்டல் திரைகளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தே வெட்டிக்கொள்ளலாமாம். நேற்று ஒன்றை வெட்டியும் பார்த்துவிட்டாள். கிடங்குக் கூரையை அவசரப்படுத்தாதே, நிதானமாக நல்லதாகவே போடட்டும். லாரியை மட்டும் வெள்ளிக்கிழமை அனுப்பிவிடாதே. அன்றைக்கு நாங்கள் மலைக்குப் போகிறோம்.