புஷ்பாவுக்கு வழுக்காத துப்பாக்கி

அதே பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கிதான். புஷ்பா பிடித்தால் அசையாமல் நின்றது. அவள் கணவன் முரளிதரன் பிடித்தால் மட்டும் உயிருள்ள கெளுத்தி மீனைப்போல நழுவியது.

தாமுவே வட்டாரத்தில் அவர்கள் வீட்டு மூன்றாவது மாடி பால்கனியில், ஒரு முனையில் பலகைமேல் ஒன்பது காலிப் பால் டப்பாக்கள். மறுமுனையில் முரளிதரன். காலையிலிருந்து விழுந்தவை: டப்பா இரண்டு தடவை, துப்பாக்கி நான்கு தடவை.

"என்னங்க, பன்னெண்டு மணிக்குள்ள பேர் குடுக்கணும்," என்றாள் புஷ்பா.

பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்குத் தெருவில் தண்ணீர்த் துப்பாக்கிப் போட்டி. வீட்டுக்கு இரண்டு பேர். படிவத்தில் தன் பெயரை எழுதிவிட்டாள். இரண்டாவது வரி காலியாக இருந்தது.

"போன வருசம் மேடையில கீழ போட்டீங்க. தெருவே ஒரு வருசம் சிரிச்சுது. இந்த வாட்டி என் தம்பி மோகனைச் சேத்துக்கறேன்."

"பதினெட்டு வருசமா உன் பக்கத்துல நிக்கிறவன் நான். மோகனா?"

"நீங்க நிக்கிறீங்க. துப்பாக்கி நிக்கலையே!"

முரளிதரன் துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றினான். வலக்கையால் தலையைத் தடவி யோசித்தான். காரணம் புலப்பட்டது. கைப்பிடி வழவழப்பாக இருக்கிறது. ஈரம் தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. சொரசொரப்பு இருந்தால் மேடுகள் தோலைக் கவ்வும். ஈரம் பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ளும்.

"நியாஸ்! உப்புத்தாள் ஒண்ணு! தண்ணியில ஊறாத சாதி!"

கீழ்த்தளத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நியாஸ், வாசலில் ஸ்டூல் போட்டு இந்த வேடிக்கையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றின் கிளிப்பில் உப்புத்தாளை மாட்டி ஆட்டினான். மேலே மணி கிணுகிணுத்தது. முரளிதரன் இழுத்துக்கொண்டான்.

கைப்பிடியில் ஒட்டிய உப்புத்தாள் உள்ளங்கையைச் சீவியது. ஆனாலும் கவ்வியது. மூன்று டப்பா விழுந்தது! நான்காவதுக்குத் தலையைத் தடவிக் குறிபார்த்தான். மணல்துகள்களின் இடுக்கெல்லாம் அடைபட்டு, உப்புத்தாளே மழமழவென்று ஆகிவிட்டது. துப்பாக்கி காலில் விழுந்தது.

"மோகன்னு எழுதவா?"

"இரு, இரு. பள்ளம் ஆழம் பத்தல."

உப்புத்தாளைக் கிழித்துவிட்டு, பற்றவைப்புக் கோலைச் சூடாக்கினான். ரேடியோ ஒயருக்கு ஈயம் வைக்கிற கோல். அதன் நுனியால் கைப்பிடி முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளி குத்தினான். உருகிய பிளாஸ்டிக் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சின்ன மேடாக எழும்பி உறைந்தது. பலாப்பழத் தோல்போல அழகாக வந்தது.

"பாத்தியா வேலையை?"

"பாத்தேன். கைலி ஏன் நனையுது?"

இந்த வகைத் துப்பாக்கிக்குக் கைப்பிடிதான் தண்ணீர்த் தொட்டி. ஒரு புள்ளி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது.

"நியாஸ்! சைக்கிள் டியூப்!"

மணி கிணுகிணுத்தது. டியூப்பைக் கீறிக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றினான். ஓட்டை அடைந்தது. கைப்பிடி பருத்தது. விரல் விசையை எட்டவில்லை.

"உள்ள வந்து யோசிங்க. வெயில் மண்டையில அடிக்குது. காலையில இவ்ளோ எண்ணெய் வச்சுவிட்டும் பிரயோசனமில்ல."

"இப்ப முடிஞ்சிரும்!" பொறுமையாகத் தலையைத் தடவினான். விரலை எக்கி விசையை அழுத்தினான். துப்பாக்கி துள்ளி, கம்பியைத் தாண்டி, மூன்று மாடி இறங்கி, நியாஸ் கடைத் தார்ப்பாயில் பொத்தென்று விழுந்தது.

புஷ்பா பேனாவைத் திறந்தாள். 'மோ' என்று எழுதினாள்.

கீழே நியாஸ் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தான். கைப்பிடியில் விரலைத் தேய்த்து மோந்தான். டியூப் சுற்றில் பாதியை வெட்டி எறிந்தான். பிறகு மணி அடித்தது. கிளிப்பில் துப்பாக்கி, கூடவே பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டு துணிச் சவுக்காரம்.

"இத வச்சுக் கையக் கழுவிட்டுச் சுடுங்கண்ணே!"

"பூசறதுக்கு இல்லையா?"

"கழுவுங்க!"

கழுவினான். பிடித்தான். கைப்பிடி கையோடு ஒட்டிக்கொண்டது. டங், டங், டங். ஒன்பது டப்பாவும் தரையில் உருண்டன.

புஷ்பா ஒன்பதையும் எண்ணினாள். 'மோ'வை அடித்துவிட்டு, பக்கத்தில் 'முரளிதரன்' என்று எழுதினாள்.

முரளிதரன் பால்கனிக் கம்பிமேல் சாய்ந்து கத்தினான். "நியாஸ்! அப்படி என்னப்பா இருக்கு இந்தச் சவுக்காரத்துல?"

"சவுக்காரத்துல ஒண்ணுமில்லண்ணே! யோசிக்கிறப்பல்லாம் தலையத் தடவுறீங்க, அண்ணி வச்ச தேங்கா எண்ணெய்தான் இவ்ளோ நேரமும் வழுக்கிச்சு. கையக் கழுவுங்க, சுட்டு முடிக்கிற வரைக்கும் தலையத் தொடாதீங்க!"