இத்தாலிக்காரிக்கு ஒரு நேர்த்தி

“தீபாவளியிலேர்ந்து என் கார் மழையில நிக்குது. அந்த இத்தாலிக்காரி மட்டும் போர்ச்சுல போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறா. இது வீடா, இல்ல அவளோட ஹோட்டலா?”

காலையிலிருந்து உஷாராணி இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கான்வென்டில் படித்தவள், குரலை உயர்த்தாமலே திட்டத் தெரியும். கணவர் விமலனுக்குக் காது கேட்கவில்லை. காதில் ஸ்டெதஸ்கோப் இருந்தது.

இத்தாலிக்காரி பெண்ணல்ல, மோட்டார் சைக்கிள். இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த சிவப்பு ரேஸ் மோட்டார். அம்பாங்கில் ஒரு ரிட்டயர்டு டாக்டரிடம் வாங்கியது. ஓடினால் சிங்கம். ஓடுவதுதான் அபூர்வம். அதற்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே சீராக மூச்சு விட வேண்டுமாம். அதைக் கேட்டுப் பார்க்கத்தான் டாக்டர் தன் ஸ்டெதஸ்கோப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

உஷாராணி ஸ்டெதஸ்கோப்பை அவர் காதிலிருந்து உருவினாள். “என் நெஞ்சுல என்னைக்காவது இப்படிக் காது வச்சுக் கேட்டிருக்கீங்களா?”

“உனக்கு என்னம்மா, நீ நல்லா ஸ்டார்ட் ஆவுற.”

“ஆவுறேன்ல? அப்ப அடியில இருக்குற என் முறுக்குத் தட்டை எடுங்க.”

தட்டில் முறுக்கு இல்லை. இத்தாலிக்காரி சிந்திய எண்ணெய் இருந்தது.

போர்ட் கிள்ளான் கிடங்கில் விமலன் சூப்பர்வைசர். அவர் கனைத்தால் ஃபோர்க்லிஃப்ட்கள் தானாக ஒதுங்கும் என்பார்கள். கிள்ளானில் இந்த வீட்டு கேட்டைத் தாண்டினால் ஒதுங்குவது அவர். அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை. பழைய மோட்டார் வைத்திருக்கும் மைக்கல் டானும் கூட்டாளிகளும் டிசம்பரில் வடக்கே கிளம்பி, பினாங்கு வழியாக எல்லை தாண்டி, தாய்லாந்தின் பெத்தோங் வரை போகிறார்கள். வளைவு வளைவான மலை ரோடு. இத்தாலிக்காரி இதற்காகவே பிறந்தவள். ‘போகட்டுமா’ என்று கேட்டால் உஷா விடமாட்டாள். ஆனால் சாமி கூப்பிட்டால்?

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“உஷா, அன்னைக்கு மழையில ஃபெடரல் ஹைவேல மோட்டார் நின்னுச்சே. பின்னாலயே கண்டெய்னர் லோரி. செத்தோம்னு நெனச்சேன். அப்பத்தான் வேண்டிக்கிட்டேன். முருகா, காப்பாத்து, இதே மோட்டார்ல பினாங்கு தண்ணிமலைக்கு வந்து உன்னைப் பாக்குறேன்னு.”

மோட்டார் நின்றது உண்மை. லோரியும் உண்மை. ஆனால் முருகன் பேரை அவர் எடுக்கவே இல்லை. அன்று அவர் வாயில் வந்ததெல்லாம் அந்த மோட்டாரைச் செய்தவனின் தாயாரைப் பற்றியது.

“தனியாவா போறீங்க?”

“நாலஞ்சு பக்தர்கள் வராங்க.”

“யாரு?”

“மைக்கல் டான்…”

உஷாராணி எழுந்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சாமி அறைக்குள் போனாள். மணிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினாள்.

“சாமி விஷயத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன். நல்லபடியா செஞ்சிடுவோம்.”

இவ்வளவு சுலபமா? விமலனுக்குக் கண் கலங்கியது. இன்னொரு கரண்டி கோழிக் கறி போட்டுக்கொள்ளக் கையை நீட்டினார். சட்டி நகர்ந்தது.

“விரதம், சாமி.”

“சாமியா?”

“நேர்த்திக்கடன் இருக்குறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆமா, சொல்ல மறந்துட்டேன். நானும் உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்.”

“என்னன்னு?”

“தைப்பூசத்தன்னைக்கு நீங்க இந்த மோட்டாரை பத்துமலை ரவுண்டபௌட்லேர்ந்து கோயில் அடிவாரம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வருவீங்கன்னு. அதுவரைக்கும் இஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டீங்கன்னு. என்னோடது முடியட்டும், அப்புறம் உங்களோடது.”

மனைவி வேண்டிக்கொண்டதை வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டில் எந்த ஆணுக்குத் தைரியம் உண்டு? விமலன் வாயில் மிச்சமிருந்த கோழியை மட்டும் அவசரமாக விழுங்கினார்.

விடிவதற்குள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி எலுமிச்சை மாலையோடு வந்து நின்றாள். “சாமி, மோட்டாருக்கும் விரதம்தானே? அப்ப செருப்பு கழட்டுற போர்ச்சுல நிக்கலாமா அது?”

“நல்லவேளை சொன்னீங்கக்கா,” என்றாள் உஷாராணி, அப்போதுதான் தோன்றியது போல.

அவ்வளவு எடையுள்ள மோட்டாரை வீட்டின் பக்கச் சந்து வழியாகப் பின்பக்கம் துணி காயும் இடத்துக்கு விமலன் ஒருவரே உருட்டினார். லோகேஸ்வரி கை கொடுக்க வந்தபோது உஷாராணி தடுத்தாள். “வேணாங்கக்கா. இப்பவே தள்ளிப் பழகட்டும்.”

சிவப்பு டாங்கியில் மஞ்சள் துணி சுற்றியாயிற்று. கார்புரேட்டருக்கு ஒன்று என்று இரண்டு குங்குமப் பொட்டு. சாவி முருகன் படத்துக்குக் கீழே, வேலின் நுனியில் தொங்கியது. விமலன் பாயில் படுத்தார். தாடி வளர்ந்தது. வெண்டைக்காயில் எத்தனை விதம் உண்டென்று தெரிந்துகொண்டார். கிடங்கில் பையன்கள் அவர் கனைத்தால் ஒதுங்குவதை விட்டுவிட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

பெத்தோங் போகும் நாளும் வந்தது. கேட்டுக்கு முன்னால் மோட்டார்கள் உறுமி நின்றன. மைக்கல் டான் ஹெல்மெட்டைக் கழற்றி, மஞ்சள் வேட்டியையும் தாடியையும் மேலும் கீழும் பார்த்தார்.

“பாஸ், நீ ஓகே ஆ?”

“நீங்க போங்க லா. சாமி விஷயம்.”

சத்தம் தெருமுனை திரும்பி, தேய்ந்து, நின்றது. விமலனால் அதற்கு மேல் முடியவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார்.

“உஷா, உண்மையைச் சொல்லிடுறேன். நான் வேண்டிக்கவே இல்ல. பொய் சொன்னேன்.”

“தெரியும். ஃபெடரல் ஹைவேல நீங்க யாரு அம்மாவைக் கூப்பிட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?” தேங்காயை மிக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். “ஆனா நான் வேண்டிக்கிட்டது நெஜம்.”

“எப்ப? அந்த மழையன்னைக்கா?”

“இல்ல. நீங்க மைக்கல் டான் பேரைச் சொன்னீங்கல்ல, அப்ப எந்திரிச்சுச் சாமி ரூமுக்குப் போனேனே. அப்ப.”

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்தது. போர்ச்சில் உஷாராணியின் கார் நனையாமல் நின்றது.

“சரிம்மா. தோத்துட்டேன். அந்த வேண்டுதலை மட்டும் கொஞ்சம் மாத்திக்கக் கூடாதா? தள்ளுறதுக்குப் பதிலா, மெதுவா ஓட்டிக்கிட்டு வரேன்னு?”

மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

“உஷா, ஒரு முட்டையாவது போட்டுத் தாயேன்.”