முப்பது நாள் உரம்

பூமியைக் காப்பாற்றியே தீருவது என்று டைம்கீப்பர் முடிவெடுத்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டேகால். எதிரே அவர் மனைவி ஒட்டடைக் குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வாரத்தில் ஆறு நாள் கூண்டுக்குள் உட்கார்ந்து விசில் ஊதி, "எடு எடு, நேரமாச்சு" என்று பஸ்களை விரட்டுவார். ஏழாம் நாள் வீட்டில் அவரை விரட்டுவார்கள். மின்விசிறி துடைக்க வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும். பரணில் ஏற வேண்டும். ஏறினால் இறங்கவிடாமல் மேலேயே இன்னும் நாலு வேலை காத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பனியனோடு கட்டிலில் மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி, ஒன்றுமே செய்யாமல் கிடக்க வேண்டும். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் இவ்வளவுதான். மனுஷன் பேராசைக்காரர் இல்லை.

முந்தின நாள்தான் மாடிப்படிக்குக் கீழே அந்த அறிவிப்பைப் பார்த்திருந்தார். சுற்றுச்சூழல் மேலாண்மைப் பயிற்சிப் பட்டறை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மதியச் சாப்பாடு உண்டு. ஒரு குடியிருப்புக்கு ஒருவர் வரலாம். கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படித்தார். சான்றிதழ் பெறுகிறவர் தம் குடியிருப்பின் ஒருங்கிணைப்பாளராக இருந்து, ஞாயிறுதோறும் மேற்பார்வை செய்வார்.

மேற்பார்வை! நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது! அதுவும் ஆயுள் முழுக்க, ஞாயிறுதோறும்!

"என்னங்க, குச்சியைப் பிடிங்க" என்றாள் மனைவி.

"நான் வெளியே போறேன்."

"எங்க?"

"பூமி அழிஞ்சிட்டிருக்கு."

"அது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். பரண் தாங்காது."

"விளையாடாதே. இது சுற்றுச்சூழல் பயிற்சி. நம்ம பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து என்னைத்தான் எடுத்திருக்காங்க."

"எத்தனை பேர் பேர் குடுத்தாங்க?"

"அதெல்லாம் எதுக்கு உனக்கு?"

"நீங்க ஒருத்தர்தானா?"

டைம்கீப்பர் செருப்பைத் தேடினார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். நாடாவே தேவையில்லை, பார்வையிலேயே ஆளை அளந்துவிடுவாள். "சரி, போயிட்டு வாங்க" என்றாள். சண்டைக்கு ஏழெட்டு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தவருக்கு அவை அத்தனையும் வீணானதில் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

பட்டறை நடந்த மண்டபம் சுகமாக இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றிப் பேசினார்கள். கேட்டவர்கள் ஏசி குளிரில் நடுங்கிக் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். பிளாஸ்டிக்கை ஒழிப்பது பற்றிப் பேசினார்கள். பேசியவருக்குத் தொண்டை காய்ந்தபோதெல்லாம் ஒரு புது பிளாஸ்டிக் பாட்டில் திறக்கப்பட்டது. மேடையில் பூமி உருண்டை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. தெர்மாகோல். மதியம் ஏழு சின்ன டப்பாக்களில் சாப்பாடு வந்தது. டைம்கீப்பர் ஏழையும் காலி செய்துவிட்டு, பின்வரிசையில் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். கூண்டுக்குள் இருபது வருடம் பழகிய வித்தை அது.

வீடு திரும்பியவர் தலை கால் புரியாமல் பேசினார்.

"நீ துண்டுத் துணியில மிதியடி தைக்கிறியே, அதுக்குப் பேர் என்ன தெரியுமா? மறுபயன்பாடு."

"அப்படியா?"

"அரிசி கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்துறியே, அது நீர் மேலாண்மை."

"போன வாரம் வரைக்கும் அதுக்கெல்லாம் கஞ்சத்தனம்னுதானே பேர் வச்சிருந்தீங்க?"

"அப்போ நான் பயிற்சி எடுக்கல."

"ஓ."

"முறைப்படி இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரேன்."

"நான் செய்யறதை எனக்கேவா?"

"செய்யறது வேற, தெரிஞ்சு செய்யறது வேற."

மனைவி தையல் எந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். அது பெரிய சத்தம் போடுகிற எந்திரம். அவள் பதில் சொல்ல விரும்பாதபோது அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும்.

ஆனால் பயிற்சியில் ஒரு சிக்கல் இருந்தது. நடத்தியவர் ஒல்லியான, சிரிக்காத ஒரு அம்மாள். எல்லோருக்கும் ஆளுக்கொரு மூடி போட்ட தொட்டியையும் ஒரு நோட்டையும் கொடுத்துவிட்டார். முப்பது நாள் வீட்டுக் குப்பையைத் தம் கையாலேயே உரமாக்க வேண்டும். ஒரு பங்கு காய்கறிக் கழிவு, ஒரு பங்கு காய்ந்த இலை. தினமும் கிளறிவிட வேண்டும். செய்ததை நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தின் கீழே, 'இதை இவரே செய்தார்' என்று வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்த அம்மாளே நேரில் வந்து தொட்டியைப் பார்ப்பார். உரம் இல்லை என்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்றால் நாற்காலி இல்லை. நாற்காலி இல்லை என்றால் மறுபடியும் பரண்.

முதல் வாரம் டைம்கீப்பர் தொட்டியில் தோலைப் போட்டார், மூடினார், கையைத் தட்டிக்கொண்டார். காய்ந்த இலை பொறுக்க இரண்டு மாடி இறங்க வேண்டுமே என்று விட்டுவிட்டார். கிளறுவதற்குக் குனிய வேண்டும். அதையும் விட்டுவிட்டார். நோட்டில் மட்டும் ஒரு நாள் விடாமல் எழுதினார். 'இன்று நன்கு கிளறினேன்.' 'இன்றும் நன்கு கிளறினேன்.'

"கையெழுத்துப் போடும்மா."

"கிளறினீங்களா?"

"எழுதியிருக்கேனே, பாரு."

மனைவி மறுபேச்சில்லாமல் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் எதிர்வீட்டு நர்ஸம்மா மூக்கில் முகமூடியோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள் அவள்.

"அக்கா, உங்க வீட்டுல எலி ஏதாவது செத்துக் கிடக்குதா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் பூமியைக் காப்பாத்திட்டிருக்கார்."

"சார், கொஞ்சம் மெதுவாக் காப்பாத்துங்க சார். ராத்திரி டூட்டி முடிச்சு வந்து பகல்லதான் தூங்கறேன். ஜன்னலைத் திறக்க முடியல."

டைம்கீப்பர் மூடியைத் திறந்தார். உடனே மூடினார். திறந்த நேரத்துக்குள் உள்ளே பார்த்தது போதும். மொத்தமும் கூழாகி, அதற்குள் ஒரு கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. அதைக் கிளறுவதா? அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் அந்தக் கூழை இரண்டு பைகளில் கட்டி, சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்து, டிப்போவுக்குக் கிளம்பினார். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. மூன்றாவது நிறுத்தத்தில் முழு இருக்கையும் அவருடையது. நான்காவதில் முன்னும் பின்னும் காலி. கண்டக்டர் தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "சார், உடம்பைப் பார்த்துக்கங்க" என்றார். டிப்போவின் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் கூடையைக் கவிழ்த்த பிறகுதான் டைம்கீப்பர் மூச்சு விட்டார்.

அடுத்து அவர் செய்தது ராஜதந்திரம். குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நினைத்தார். மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த ஒரு மாலையில், நாலு தெரு தள்ளியிருந்த செடிக்கடையில் இரண்டு மூட்டை உரம் வாங்கினார். நன்றாக மக்கிய, கறுத்த, சலித்த உரம். மழை பெய்த மண் மாதிரி மணந்தது. தொட்டியை நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, உரத்தைக் கொட்டி, மேலே இரண்டு தோலைத் தூவினார். வெறும் மூட்டைகளை மடித்து மறுநாள் டிப்போவிலேயே போட்டுவிட்டார்.

திரும்பி வந்த மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"நாத்தம் போயிடுச்சே?"

"கிளறினேன்" என்றார் டைம்கீப்பர் அடக்கமாக.

"ரொம்ப நல்லாக் கிளறியிருக்கீங்க."

முப்பது நாளும் முடிந்தது. முப்பது கையெழுத்தும் விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இவளை ஏமாற்றிவிட்டோம் என்று டைம்கீப்பர் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டார். சான்றிதழை மாட்ட ஆணிகூட அடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் அம்மாள் வந்தார். பின்னாலேயே பன்னிரண்டு வீட்டு ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்து வராந்தாவில் கூடினார்கள். டைம்கீப்பர் இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளை மாதிரி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அம்மாள் மூடியைத் திறந்தார். ஒரு பிடி அள்ளினார். விரல்களுக்கிடையில் உதிர்த்தார். முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"எத்தனை நாள் ஆச்சு?"

"அஞ்சு வாரம் மேடம்."

"அஞ்சு வாரத்துல பாதி மக்கியிருந்தாலே பெரிசு, இப்படி முழுசா மக்காதே. எனக்கே ரெண்டரை மாசம் ஆகும். இது சலிச்ச மாதிரி வேற இருக்கு."

வராந்தாவில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டைம்கீப்பர் முகத்தில் ஈயாடவில்லை. காதுக்குப் பின்னால் வியர்வை ஓடுவது அவருக்கே கேட்டது. அம்மாள் நோட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி. அவர் வாயைத் திறக்கப் போனார்.

"நான் ஒண்ணு சொல்லலாமாங்க?" என்றபடி மனைவி முன்னால் வந்தாள்.

தொலைந்தோம் என்று டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"காலையில அஞ்சு மணிக்கே எழுந்துருவார் மேடம். ஒரு மணி நேரம் கிளறுவார். டூட்டி முடிஞ்சு வந்து மறுபடி ஒரு மணி நேரம். தோலை எல்லாம் கத்தரிக்கோலால பொடிப் பொடியா நறுக்கிப் போடுவார். கட்டி தட்டிடக் கூடாதுன்னு சல்லடையில சலிச்சதும் அவர்தான். என்னைக் கிட்ட நெருங்க விட்டதே இல்ல. இந்த வேலைன்னா அவருக்கு உசுரு."

டைம்கீப்பர் கண்ணைத் திறந்தார். தெய்வமே நேரில் வந்து பேசியதுபோல் இருந்தது. அவர் வேகமாகத் தலையாட்டினார்.

"அப்படியா சார்?" என்றார் அம்மாள்.

"ஆமாம் மேடம். உசுரு."

"ரெண்டு வேளையும்?"

"சில நாள் மூணு வேளை" என்றார் டைம்கீப்பர். கொஞ்சம் இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிடுகிற சுபாவம்.

சிரிக்காத அம்மாள் சிரித்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். "பத்து வருஷமாப் பயிற்சி குடுக்கறேன். இப்படி ஒரு உழைப்பை நான் பார்த்ததில்ல" என்று சான்றிதழை நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நர்ஸம்மா முகமூடியைக் கழற்றிவிட்டே தட்டினாள்.

"மேடம், அந்த ஒருங்கிணைப்பாளர்..." என்று டைம்கீப்பர் இழுத்தார்.

"அதைத்தான் யோசிக்கிறேன். உங்களை மாதிரி ஒரு கையை நாற்காலியில உட்கார வச்சா அது பாவம் சார். பின்பக்கம் காலி இடத்துல பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பெரிய குழியா வெட்டுவோம். ஞாயிறுதோறும் நீங்களே கிளறிக் குடுங்க. வேற யாருக்கும் இந்தப் பக்குவம் வராது."

"அப்போ மேற்பார்வை?"

அம்மாள் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "முப்பது நாள் விடாமக் கவனிச்சுக் கையெழுத்துப் போட்டது யாரு?"

பன்னிரண்டு வீடும் மனைவியைப் பார்த்தது. அவள் வெட்கப்பட்டுத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு என்னங்க தெரியும், நான் அதிகம் படிக்காதவ" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸம்மா, அம்மாள் கொண்டுவந்திருந்த ஒருங்கிணைப்பாளர் அடையாள அட்டையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

மறுத்துப் பேச டைம்கீப்பருக்கு ஒரே வழிதான் இருந்தது. அது கடையில் வாங்கிய உரம் என்று பன்னிரண்டு வீட்டுக்கும் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டார்.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினார்.

"உனக்குத் தெரியும், இல்ல?"

"செடிக்கடைக்காரர் பொண்ணுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறது நான்தானே? 'சார் ரெண்டு மூட்டை வாங்கிட்டுப் போனாரே, செடியெல்லாம் எப்படி இருக்கு அக்கா'ன்னு மறுநாளே கேட்டார்."

"அப்புறம் எதுக்கு என்னைக் காப்பாத்தினே?"

"மானம் போயிருந்தா ரெண்டு நாள் சிரிச்சுட்டு மறந்திருப்பாங்க. கெட்டிக்காரர்னு பேர் வாங்கிட்டீங்களே, இனி லேசுல விடமாட்டாங்க."

அதற்குப் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது. அரையாள் ஆழக் குழி. பன்னிரண்டு வீட்டுக் குப்பை. காலை ஆறு மணிக்கு டைம்கீப்பர் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குழிக்குள் இறங்குவார். மேலே நிழலில் நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருப்பாள். "அந்த மூலை... இன்னும் கொஞ்சம் ஆழமா..." என்பாள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள்கூடப் பார்க்க வந்தார்கள். உரம் உண்மையிலேயே நன்றாக மக்கிக்கொண்டு வந்தது. அதில்தான் டைம்கீப்பருக்குக் கூடுதல் ஆத்திரம்.

ஏழாவது வாரம் இடுப்பு பேசத் தொடங்கியது. வாயால் கேட்டால் எந்திரச் சத்தம்தான் பதிலாக வரும் என்று தெரிந்தவர், டிப்போவிலேயே உட்கார்ந்து முறைப்படி ஒரு மனு எழுதினார். 'மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு. எனக்கு இடுப்பு வலி அதிகமாக இருப்பதால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள கணவன்.'

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் காலியாக் கிடக்குதே?"

"எழுத வேற ஒண்ணும் இல்ல."

"ஒரு காகிதத்துக்கு எவ்வளவு மரம் போகுது! பயிற்சி எடுத்தவரே இப்படி வீணாக்கலாமா?"

அப்படி வீணாக விட அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் காலிப் பக்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான வேலைகளை வரிசையாக எழுதி அவரிடமே நீட்டினாள்.