சர்வேயருக்கு ஒரு முகம்

கல்லூரிக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது. நாற்காலிகள் வந்துவிட்டன. யார் பெயரில் கல்லூரியோ அந்தச் சர்வேயரின் முகம்தான் வரவில்லை. மலைப்பக்கத்தை முதன்முதலில் அளந்து வரைபடம் போட்டவர். அவருக்கு ஒரு படம்கூட அகப்படவில்லை.

"நாளைக்குத் திறப்பு விழா. முகம் இல்லாம எதைத் திறக்கிறது?" என்றார் கல்லூரி முதல்வர்.

"படம் இருக்கு சார்" என்று சொல்லித் தொலைத்தார் அலுவலக மேலாளர். முதல்வரிடம் 'இல்லை' என்று சொல்லிப் பழகாத நாக்கு.

வீட்டுக்குப் போய் மாமனார் படத்தைக் கழற்றினார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே, தாயில்லாத மகளை ஆளாக்கியவர். போன மாதம்தான் போய்ச் சேர்ந்தார். அவருக்கென்று இருந்தது அந்த ஒரு படம்தான். மனைவி அதைத் துடைக்காமல் வேலைக்குக் கிளம்பமாட்டாள்.

"எங்கப்பாவைச் சுவத்துல காணோமே?"

"கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கேன்."

படத்தை வாங்கிப் பார்த்த ஓவியர் உதட்டைப் பிதுக்கினார். "சர்வேயர் களை இல்லையே." படத்தின் மேலேயே ஒரு தொப்பி வரைந்தார். தொப்பிக்கு மீசை தேவைப்பட்டது. மீசைக்குப் பின்னால் மலை.

முதல்வருக்குப் படம் பிடித்துப்போனது. அதுதான் வினையாயிற்று.

"சர்வேயரோட மக இருக்காங்களாம். போன் பண்ணிட்டேன். அவங்களே திறந்து வைக்கட்டும்."

மேலாளர் அவசரமாகக் குறுக்கிட்டார். "வயசானவங்களை எதுக்கு சார் அலைய விடணும்?"

"கார் அனுப்பியாச்சு."

மறுநாள் திரை விலகியது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்த மனைவி எழுந்து மேலாளர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு ஏன் மீசை?" குரல் உடைந்திருந்தது.

"அப்புறம் சொல்றேன்."

"விழா முடிஞ்சதும் கழட்டிக் குடுங்க. எனக்கு அவர் வேணும்."

சர்வேயரின் மகள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு படத்தை நெருங்கினார். பார்த்தார். பார்த்தபடியே நின்றார். கைதட்டல் ஓய்ந்தது. அவர் மெல்ல மீசையைத் தொட, காயாத வண்ணம் விரலில் ஒட்டிக்கொண்டது.

இனி மறைக்க முடியாது. மேலாளர் மேடையேறினார். "அம்மா, மன்னிக்கணும். அது வந்து..."

அந்த அம்மாளின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. விரலைத் துடைக்கவுமில்லை.

"நான் அம்மா வயித்துல இருக்கும்போது மலை அளக்கப் போனவர், திரும்பி வரவே இல்ல" என்றார். "எங்கப்பா முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."