ஏழு மலை சுற்றி வந்த புளி

பொற்கரை நாட்டுக்கு எல்லை ஓர் ஓடை. அகலம் எவ்வளவு என்கிறீர்களா? இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையிலிருந்து "நூறாயுசு!" என்பார்கள். அக்கரை முழுக்கப் புளியமரங்கள். பொற்கரையில் பேருக்குக்கூட ஒன்று கிடையாது.

மகாராஜா சிக்கனசேகரர் பட்டமேறியதும், இனி நாட்டுக்கே அரண்மனைதான் புளி வாங்கும் என்று அறிவித்தார். அக்கரைக்காரர்கள் படி இரண்டு காசு கேட்டார்கள். ஏழு மலைக்கு அப்பாலிருந்து ஒரு வியாபாரி, படி ஒரு காசு என்று ஓலை அனுப்பினான்.

"பாதி விலை!" விலை மந்திரி அபிராமேசர் எழுந்து, தம்மைத் தாமே ஒருமுறை வணங்கிக்கொண்டார்.

"வண்டிக்கூலிங்க?" என்றான் சபையின் கடைசியில் நின்ற வண்டிக்காரன் மருதாசலம்.

"விலை என் இலாகா. வண்டி வேறு இலாகா. அடுத்தவர் இலாகாவில் மூக்கை நுழைப்பது அநாகரிகம், அப்பனே."

வண்டி மந்திரி கனைத்தார். "வண்டி உள்ளோர் அனைவரும் சொந்த மாட்டோடு புறப்படுக. கூலி கிடையாது. ஆகவே கூலிச் செலவும் கிடையாது."

சபை ஒரு நாழிகை கைதட்டியது.

மருதாசலத்தின் மனைவி செங்கமலத்துக்கு அப்போது மூன்றாம் மாதம். சோற்றைக் கண்டால் குமட்டும். புளியை நினைத்தாலே நாக்கு ஊறும்.

"ஒரே ஒரு சுளை மாமா. சப்பிக்கிட்டே கெடப்பேன்."

"ஓடையத் தாண்டி வாங்குனா கசையடி புள்ள. போயிட்டு ஓடியாந்துடறேன்."

"ஓடியாற உங்க மாடு சம்மதிக்கணுமே!"

இருநூறு வண்டிகள் போயின. செங்கமலம் தினமும் கரையில் நின்று காற்றை வாய் திறந்து வாங்கினாள். ஊரே வந்து பக்கத்தில் நின்றது. அனுமதியின்றிப் புளிப்பை இறக்குமதி செய்வதாக வழக்குப் போட்டு, ஓடைப் பக்கத்துச் சன்னல்களையெல்லாம் அரண்மனைச் சேவகர்கள் அடைத்தார்கள்.

அவள் அரண்மனைக்குப் போனாள். "பத்து மாசத்துல புள்ள பொறந்துடுமே ஐயா!"

"அவசரப்படுகிறாய், தாயே," என்றார் அபிராமேசர். புளி வந்து சேரும்வரை கர்ப்பகாலம் முப்பது மாதமாக நீட்டிக்கப்பட்டது. பிள்ளை அந்த ஆணையைப் படிக்காமல் பத்தாம் மாதமே பிறந்துவிட்டது.

வண்டிகள் திரும்பியபோது அது ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் மாட்டுத் தீவனத்துக்கும் சுங்கத்துக்கும் புளியையே விற்று விற்று, இருநூறு வண்டியில் ஒன்றுதான் நிறைந்திருந்தது. "படி ஒரு காசு!" என்று அதற்கு யானைமேல் ஊர்வலம் நடந்தது.

தாடிக்காரனைக் கண்டு பிள்ளை அலறியது. மருதாசலம் மடியிலிருந்து புளியை எடுத்து நீட்டினான். செங்கமலம் மோந்து பார்த்தாள்.

"இது அக்கரைப் புளியில்ல?"

"அந்த வியாபாரியே நம்ம அக்கரையிலிருந்துதான் வாங்குறான் புள்ள. ஏழு மலைச் சுங்கச்சாவடியும் அவனோடது. புளியில விட்டத அங்க புடிச்சுடறான்."

அவள் அதை வாயில் போடவில்லை. "நாக்கு இத மறந்து நாளாச்சு மாமா. உங்க வண்டிச் சத்தந்தான் மறக்கல."

விஷயம் பரவி, ஊர் கொதித்து, ஆட்சியை மாற்றத் தேர்தல் கேட்டது. மகாராஜா புன்னகையோடு தேர்தலுக்குச் சம்மதித்தார். வாக்குப் போட ஓலை வேண்டுமல்லவா? விலை கேட்டார்கள். ஏழு மலைக்கு அப்பால்தான் மலிவு. ஓலை வந்து சேரும்வரை இந்த ஆட்சியே நீடிக்கும்.

சேவகர்கள் வாசலில் நின்று மருதாசலத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே, அன்று காலைதான் மறுபடி சோறு குமட்டத் தொடங்கிய செங்கமலம், அடைத்த சன்னலில் காதை வைத்திருந்தாள். அக்கரையில் யாரோ புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.